சேரிங் கிராஸ் வரை

அட்டைப்பெட்டியின் விலாவில்
ஆன்ட்வெர்ப் என்று மை குத்துவேன்.
ராட்டர்டாம், ஹாம்பர்க், க்டான்ஸ்க்.
கடைசிப் பெயரை என் வாய்
ஒருநாளும் முழுசாய்ச் சொன்னதில்லை.
மே மாதத் திருப்பூரில்
தகரக் கூரைக்கடியில் வியர்த்தபடி
அந்த ஊர்களின் டிசம்பரை
மடித்து மடித்து அடுக்குவோம்.

பொங்கலுக்கு நாலு நாள் விடுப்பு.
செக்கிங் மேசையிலிருந்து சம்சாத் கேட்டாள்:
"ஐரோப்பா போலாமாடி?"
"ஊட்டி போலாம்.
அதுவும் குளிரத்தானே செய்யும்."

பர்லியார் தாண்டியதும் காது அடைத்தது.
காந்தலில், மாடியில், ஒற்றை அறை;
வெந்நீர் காலை ஆறு முதல் ஏழு வரை.
தொட்டபெட்டா வேண்டாம், படகு வேண்டாம்,
ஜீப்காரர் விரல்விட்டு எண்ணிய
எட்டுப் பாயிண்டும் வேண்டாம்.
"பின்னே எதுக்கும்மா வந்தீங்க?"
நடக்க, என்றேன்.
அவர் விரல்களை மடக்கிக்கொண்டார்.

மெதுவாகத்தான் நடந்தோம்.
பத்து மணிநேரம் நின்றே தேய்ந்த
சம்சாத்தின் முட்டி அப்படி.
கம்பெனியில் கழிப்பறை போய்வர ஆறு நிமிடம்,
சூப்பர்வைசர் கடிகாரம் பார்ப்பார்.
இங்கே ஒரு மதில்மேல் வெயில் ஏறுவதை
முழுக்கப் பார்த்தோம்.
ஈரச் சுண்ணாம்பிலிருந்து ஆவி எழுந்தது.
கேரட் கழுவும் இடத்தில்
முழங்கால்வரை ரப்பர் செருப்பு போட்ட ஒருவன்
எங்களுக்கு ஆளுக்கொன்று நீட்டினான்.
கடித்தேன். பல் கூசியது.
பல்லில் குளிர் இருக்கும் என்று
எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்கவில்லை.

பேக்கரியில் வர்க்கி, டீ, மறுபடியும் டீ.
பிங்கர்போஸ்ட் ஏற்றத்தில் இரண்டு முறை உட்கார்ந்தோம்,
ஒருமுறை முட்டிக்காக,
ஒருமுறை சும்மா.
தைலமரத்து இலையைக் கசக்கி முகர்ந்து
"எங்க வாப்பா நெஞ்சு வாசம்" என்றாள்.
அதற்குமேல் அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை சேரிங் கிராஸ்.
லண்டனிலும் இதே பேரில் ஒன்று இருக்கிறதாம்,
கடலை விற்றவர் சொன்னார்.
"அப்போ பாதி வந்துட்டோம்."
நீரூற்றில் நீர் இல்லை.
சுற்றிலும் துணியில்லாத குழந்தைச் சிலைகள்.
சம்சாத் கண்ணால் அளந்தாள்:
"ஆறு மாசத்து சைஸ் பத்தாது. ஒம்பது போடணும்."

ஸ்வெட்டர் கடை வரிசையில் பெமா அக்கா
தொப்பி வைத்த சாம்பல் மேலாடையை உதறினார்.
"ஐரோப்பா சரக்கு. தொட்டுப் பாருங்க."
சம்சாத் தொடவில்லை, புரட்டினாள்.
இடது விலாத் தையல்,
லேபிள் வெட்டிய இடத்துக்கு இரண்டு விரல் கீழே
மூன்று தையல் விட்டுப்போயிருந்தது.
பக்கத்தில், சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிப் பிய்த்த
பசைத் தடம்.
அவள் விரல் அங்கேயே நின்றது.

"நான்தான் இதைக் கழிச்சேன்."

எங்களுக்கு முன்பே
அது மலையேறி வந்து
ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

எழுநூறு என்றார் பெமா அக்கா.
ஐரோப்பாக்காரனே எழுநூறு கொடுக்கமாட்டான்,
எவ்வளவு கொடுப்பான் என்று எங்களுக்குத் தெரியும்.
அரைமணி நேரச் சண்டை, நடுவில் அவர் வாங்கித்தந்த டீ.
இருநூற்றைம்பதுக்கு முடிந்தது.
காசை எண்ணியவர் கேட்டார்:
"நீங்கதான் தைக்கிறீங்களா? வருசத்துக்கு எத்தனை?"
சம்சாத் சொன்ன எண்ணுக்கு
அவர் எதுவும் சொல்லாமல்
காதுவரை தொப்பியை இழுத்துவிட்டார், அவளுக்கு.

கடைசிக் காலை. ஆறரை.
ரேஸ்கோர்ஸ் புல் முழுக்க உறைபனி,
யாரோ உப்பு மூட்டையைக் கொட்டிவிட்டு
அள்ளாமல் போனது மாதிரி.
நடந்தோம், நொறுங்கியது, திரும்பிப் பார்த்தோம்:
நாலு காலின் தடம்,
ஒரு கால் மட்டும் கொஞ்சம் இழுத்து.

பஸ் நிலையத்தில் முதல் வண்டி.
முன்கண்ணாடி வெள்ளையாய் உறைந்திருந்தது.
கை சும்மா இருக்கவில்லை.
எட்டிய மட்டும் பெரிதாய்
க்டான்ஸ்க் என்று எழுதினேன்.
சம்சாத் எழுத்துக் கூட்டினாள்,
க், டா, ன்ஸ், க்,
வாயிலிருந்து நாலு புகை.

வெந்நீர் போணியோடு வந்த டிரைவர்
தலையைச் சாய்த்துப் படித்தார்.
"அங்கெல்லாம் போகாதும்மா.
மேட்டுப்பாளையம்தான். ஏறுங்க."